இலையில் மிஞ்சிய எலும்பு

பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் இலையில் கிடக்கும் எலும்பை மட்டும் பொறுக்கி, வாசலில் காத்திருக்கும் நாய்க்குப் போடுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. அதை யாரும் கொடுமை என்று நினைப்பதில்லை. வாயில்லா ஜீவனுக்கும் ஒரு பங்கு என்ற நல்ல எண்ணம்தான் அது. ஆனால் நாய்க்கு எலும்பு கொடுக்கலாமா, கூடாதா என்று கடந்த முப்பது ஆண்டுகளில் கால்நடை மருத்துவர்கள் எழுதியதையும் வாதிட்டதையும் வரிசையாகப் படித்துவந்தால், ஒன்று புலப்படுகிறது. அந்த வாதங்களில் பெரும்பகுதி வேறொரு எலும்பைப் பற்றியவை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கறிக்கடையில் நாய்க்கென்றே கேட்டு வாங்கும், வேகாத, முழு எலும்பைப் பற்றி அவர்கள் பேசுகிறார்கள். திருவண்ணாமலையில் ஒரு நாயின் வாய்க்குப் போவதோ வெந்த, சிறு துண்டுகளாக வெட்டிய, வெங்காயமும் உப்பும் ஊறிய எலும்பு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான் அங்கே கண்டறிந்த உண்மைகள் நமக்கு எந்த அளவு பொருந்தும் என்று சொல்ல முடியும்.

திருவண்ணாமலையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாயை இவ்வளவு மதித்த ஊர் தமிழ்நாட்டில் வேறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. அருணாசலேசுவரர் கோயிலுக்குள்ளேயே காலபைரவர் சந்நிதி இருக்கிறது; பைரவரின் வாகனம் என்பதால் தேய்பிறை அஷ்டமியில் நாய்களுக்கு உணவிடுவதை வேண்டுதலாகவே பலர் செய்கிறார்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவில் நடக்கும் லட்சக்கணக்கானவர்களில் பலருடைய பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும், அது நாய்க்கு. ரமண மகரிஷி மலையில் விரூபாட்ச குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் இருந்த காலம் தொட்டே அவரைச் சுற்றி நாய்கள் இருந்தன. சின்னக் கருப்பன், கமலா, ஜாக்கி என்று அவற்றின் பெயர்கள் அவருடைய வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. அவற்றை ‘அது’ என்று சொல்லாமல் அவன், அவள் என்றே குறிப்பிடுவார் என்றும், நாய்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று முதலில் கேட்பார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஆர்தர் ஆஸ்போர்ன் எழுதியிருக்கிறார். ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதிக்குப் பக்கத்திலேயே ஜாக்கி என்ற நாயின் சமாதியும் இருக்கிறது.

அந்த ஆசிரம நாய்கள் உண்டது சோறு, தயிர், பண்டிகை நாளில் இனிப்பு. எலும்பு இல்லை. எலும்பில்லாமல் நாய் நாயாக இருக்காது, சத்து போய்விடும் என்ற நம்பிக்கைக்கு இது ஒரு பதில். அறிவியலும் அதே பக்கம்தான் நிற்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, நாயின் மரபணுவில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான ஜீன் பெருகியிருப்பதைக் காட்டியது. ஓநாய்க்கு அந்த ஜீனின் பிரதிகள் இரண்டு; நாய்க்கு நான்கிலிருந்து முப்பது வரை. மனிதன் பயிரிடத் தொடங்கியபின் அவனுடைய சோற்று மிச்சத்தை உண்டு வாழப் பழகிய உயிர் இது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு நம் நாட்டுத் தெருநாய்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. தெருவில் வளரும் நாய் கறி வாசனை வரும் பக்கம் முதலில் போகும், ஆனால் அதன் அன்றாடப் பிழைப்பு மனிதர் போடும் மாவுச்சத்து உணவில்தான் என்பது அவர்கள் ஆய்வுகளில் தெளிவாகிறது. குட்டிகளுக்குப் பிறவியிலேயே கறி மேல் தனி விருப்பம் இருப்பதில்லை. வளர வளர வரும் பழக்கம் அது என்றும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சத்துக்காக எலும்பு வேண்டும் என்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடலாம்: வளரும் பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் அளவுக்கு மேல் போனால் மூட்டும் எலும்பும் கோணலாக வளரும். குறைந்தாலும் கெடுதல், மிஞ்சினாலும் கெடுதல். அதை எலும்புத் துண்டால் அளந்து கொடுக்க முடியாது.

ஆக, உணவாக எலும்பு தேவையில்லை. ஆனால் கடிப்பது தேவை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாதம் வழி தவறுகிறது. ஏழு மாதத்துக்குள் குட்டியின் 28 பால் பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கின்றன. அந்த மாதங்களில் ஈறு ஊறலெடுத்து அது கடிக்காத பொருள் இருக்காது. வளர்ந்த பிறகும் கடிப்பது நாய்க்கு மன அமைதி தரும் வேலை. நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிவைத்த நாய் கதவையும் செருப்பையும் கடித்துக் குதறுவது திமிரால் அல்ல. செய்ய வேறு வேலை இல்லாததால். கடிக்க ஏதும் தராமல் எலும்பை மட்டும் தடை செய்வது சரியான அறிவுரை ஆகாது.

எலும்பு என்ற பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். அதன் எடையில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட் உப்பு. மீதியில் முக்கியமானது கொலாஜன் என்ற புரத நார். உப்பு உறுதி தருகிறது. நார் வளையும் தன்மை தருகிறது. பச்சை எலும்பில் இரண்டும் சேர்ந்திருப்பதால் அழுத்தினால் அது சற்று வளைந்து, பிறகு நசுங்கும். சூடு பட்டதும் நார் தன் முறுக்கை இழந்து ஜெலட்டினாகக் கரைந்து வெளியேறுகிறது. ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கெட்டிப்படுவது அதனால்தான். நார் நாம் குடிக்கும் சூப்புக்குள் போய்விட்டது. எலும்பில் மிஞ்சியது உப்பின் வெறும் கட்டுமானம். வறுத்தாலும் சுட்டாலும் ஈரமும் போய்விடும். அப்படிப்பட்ட எலும்பு கடிக்கும்போது நசுங்காது. நீளவாக்கில் பிளந்து ஊசிமுனைச் சில்லுகளாக உடையும். தந்தூரி, கிரில், பிரியாணி என்று நம் ஊர்க் கடைகளில் விற்கும் எல்லாக் கோழி எலும்பும் இந்த நிலையில் உள்ளவைதான். பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் அறுக்கப்படும் இளங்கோழி. அதன் எலும்பு மென்மையானது, ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்வார்கள். பச்சையாக இருக்கும்வரை அது உண்மை. வெந்தபின் அந்த மெல்லிய குழல் எலும்புதான் எளிதில் சில்லாகிறது.

வெளிநாட்டு நூல்களில் நான் காணாத, ஆனால் நமக்கு மிக முக்கியமான ஒரு விஷயம் கறிக்கடையின் கட்டை. மேலை நாடுகளில் இறைச்சியை மூட்டு மூட்டாகப் பிரிப்பார்கள், இல்லாவிட்டால் ரம்பத்தால் அறுப்பார்கள். நம் கடைக்காரர் புளியமரக் கட்டையில் வைத்து வெட்டுக்கத்தியால் ஓங்கிக் கொத்துகிறார். குழம்புக்கு எலும்பும் கறியுமாகச் சிறு துண்டு வேண்டும் என்று நாம்தான் கேட்கிறோம். ஒவ்வொரு வெட்டிலும் எலும்பு நொறுங்கி, ஓரம் கூர்மையாகிவிடுகிறது. நம் வாயில்கூட அவ்வப்போது சில்லு அகப்படுவதுண்டு. நாக்கால் துழாவி எடுத்துவிடுகிறோம். நாய் துழாவுவதில்லை. போட்டிக்கு இன்னொரு நாய் நின்றால் மெல்லவும் செய்யாது, அப்படியே விழுங்கும். ‘பச்சை எலும்பு பாதுகாப்பானது’ என்று எங்கோ படித்துவிட்டு அரைக் கிலோ கறியிலிருந்து பொறுக்கிய துண்டுகளைக் கொடுப்பவர்கள், வேகாத எலும்பைத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் ஏற்கெனவே உடைந்த எலும்பைக் கொடுக்கிறார்கள்.

மசாலாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும் என்பது கால்நடை நச்சியல் நூல்கள் தரும் அளவு. பத்து கிலோ நாய்க்கு அது இரண்டு மூன்று வெங்காயம். வேகவைப்பதால் அந்த நஞ்சு போவதில்லை. ஒரு நாள் ஒரு எலும்பு நக்குவதால் நாய் விழுந்துவிடாது. நாள்தோறும் குழம்புச் சோறும் எலும்பும் என்று வளரும் நாய்க்குத்தான் ஆபத்து.

இனி எலும்பு போகும் வழி. வாயில் தொடங்கினால், மேல் தாடையில் இடமும் வலமுமான பற்களுக்குக் குறுக்கே ஒரு துண்டு சிக்கிக்கொள்ளும். நாய் முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். குழாய் போன்ற நல்லி எலும்பை வட்டமாக வெட்டிக் கொடுத்தால் அந்த வளையம் கீழ்த்தாடைக் கோரைப்பற்களைத் தாண்டி மாட்டிக்கொள்ளும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உண்மையான அபாயம் உணவுக்குழலில். நாயின் உணவுக்குழலில் சிக்கி மருத்துவரிடம் வரும் பொருட்களில் எலும்புதான் முதலிடம். மார்புக்கூட்டின் வாசல், இதயத்தின் அடிப்பகுதி, உதரவிதானத்துக்குச் சற்று முன் என்று குழல் குறுகும் மூன்று இடங்களில் அது நிற்கும். அங்கே நேரம் ஆக ஆகக் குழலின் சுவர் அழுகி ஓட்டை விழுந்தால், பிழைப்பது கடினம். சிறிய உடலுள்ள நாய்களுக்கு இது அதிகம் நேர்கிறது. வயிற்றுக்குள் போய்விட்டால் நிலைமை பெரும்பாலும் நல்லதுதான். நாயின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. எலும்பைக் கரைத்துவிடும் வலிமை அதற்கு உண்டு. தெருநாய்கள் எலும்பு தின்றும் உயிரோடு திரிவதற்கு இதுவே காரணம். அதிகம் தின்றால் கரையாத தூள் மலக்குடலில் சுண்ணாம்புக் கட்டியாக இறுகும். வெள்ளையாக, உதிரும் மலம் போக நாய் முக்கி முனகும். எலும்புக்குள் உள்ள மஜ்ஜையில் கொழுப்பு மிகுதி. பழக்கமில்லாத நாய்க்கு அது கணைய அழற்சியைக் கொண்டுவரலாம்.

“எங்க ஊர் நாயெல்லாம் எலும்பு தின்னுதான் வளருது, ஒண்ணும் ஆகலையே” என்பது எல்லோரும் சொல்வது. ஆனவை நம் கண்ணில் படுவதில்லை என்பதுதான் இதற்குப் பதில். குடல் கிழிந்த தெருநாய் ஏதாவது ஒரு புதர் மறைவில் போய்ப் படுத்து மூன்றாம் நாள் இறக்கிறது. யாரும் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை. எஞ்சி நிற்பவற்றைப் பார்த்து எலும்பு தீங்கற்றது என்று முடிவு கட்டுவது தவறு. கணக்கு வைக்கும் நாட்டிலிருந்து ஒரு எண்: அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017ல் வெளியிட்ட எச்சரிக்கையில், கடையில் பதப்படுத்தி விற்கும் எலும்புத் தின்பண்டங்களால் சுமார் 90 நாய்கள் நோயுற்றதாகவும் 15 நாய்கள் இறந்ததாகவும் ஏழு ஆண்டுகளில் 68 புகார்கள் வந்ததாகச் சொன்னது. அவ்வளவு பெரிய நாட்டுக்கு இது சிறிய எண்தான். ஆனால் அவை நாய்க்கென்றே தயாரித்து, பொட்டலம் கட்டி விற்றவை. அவையே இப்படி என்றால் சாப்பாட்டு இலையிலிருந்து போகும் எலும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வேகாத எலும்பை ஆதரிப்பவர்கள் பக்கம் வலுவான வாதங்கள் உண்டு. அவர்களை ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993ல் எழுதிய நூலும், அதே நாட்டைச் சேர்ந்த டாம் லான்ஸ்டேல் 2001ல் எழுதிய நூலும் இந்த இயக்கத்துக்கு அடித்தளம். மென்மையான டப்பா உணவும் உலர் உணவும் நாயின் வாயைக் கெடுத்துவிட்டன. கறியோடு கூடிய பச்சை எலும்புதான் இயற்கையான பல்துலக்கி என்பது அவர்கள் வாதம். நாய்களுக்கு மூன்று வயதுக்குள்ளேயே ஈறு நோய் தொடங்கிவிடுவது மிகப் பரவலாகக் காணப்படுவதால் இதை எளிதில் தள்ள முடியாது. 2016ல் பிரேசில் ஆய்வாளர்கள் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு மூன்று வாரத்துக்குள் பற்காரை கணிசமாகக் குறைந்தது. மூட்டுப் பக்கத்து மென்மையான, பஞ்சு போன்ற எலும்பு கெட்டி எலும்பைவிட நன்றாகவே வேலை செய்தது. அந்தச் சில வாரங்களில் அவற்றின் பல் உடையவில்லை, குடல் அடைபடவில்லை.

சில வாரங்களில் உடையவில்லை. வாழ்நாள் முழுவதும் கடித்தால்? அதற்கு ஒரு விடை ஆப்பிரிக்கக் காட்டுநாய்களிடம் இருக்கிறது. ஸ்டீன்காம்ப், கோரல் என்ற இருவர் 1999ல் அருங்காட்சியகத்தில் இருந்த 29 காட்டுநாய் மண்டையோடுகளை ஆராய்ந்தார்கள். இயற்கை உணவான பச்சைக் கறியும் எலும்பும் தின்று வாழ்ந்த விலங்குகள். அவற்றில் ஏறத்தாழ பாதி மண்டையோடுகளில் உடைந்த பல் இருந்தது. ஐந்தில் இரண்டில் ஈறு நோயின் அடையாளமும் இருந்தது. காரை போவதும் ஈறு நலமாக இருப்பதும் ஒன்றல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. நாயின் பல் எனாமல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ளது. நம்முடையது அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன். மேல் தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல்தான் நாய்க்கு எலும்பு நொறுக்கும் கத்தரி. கெட்டியான பொருளைக் கடிக்கும்போது அதன் வெளிப்பக்கம் பலகைபோல் பெயர்ந்து வேர்க்கூழ் வெளியே தெரியும். நாய் சாப்பாட்டை விடுவதில்லை என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கிச் சீழ் வடியும்போதுதான் தெரியும். எனவே பல்லுக்காக எலும்பு கொடுக்கும் வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். தினமும் நாய்க்கான பற்பசையால் துலக்குவது அதைவிட நிச்சயமான வழி. மனிதருக்கான பற்பசை கூடாது. விழுங்கிவிடும் பிராணிக்கு அது நஞ்சு.

கிருமி வேறு. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 2018ல் வெளியான ஆய்வு, திடீரெனக் கால்கள் தளர்ந்து செயலிழக்கும் நரம்பு நோய் கண்ட 27 நாய்களை, நோயற்ற 47 நாய்களோடு ஒப்பிட்டது. நோயுற்றவற்றுக்குக் கேம்பைலோபாக்டர் கிருமித் தொற்று இருக்கும் வாய்ப்பு ஒன்பது மடங்குக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை பச்சைக் கோழி, குறிப்பாகக் கழுத்து, தின்று வந்தவை. குளிர்சாதனத்தில் வைத்து விற்கும் ஒரு நாட்டின் கோழிக்கே இது என்றால், சித்திரை வெயிலில் வாளியில் கிடக்கும் நம் சிக்கன் கடைக் கழுத்தைப் பற்றி என்ன சொல்வது?

ஆட்டிறைச்சியோடு வரும் இன்னொரு ஆபத்து நாய்க்கல்ல, நமக்கு. எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் நீர்க்கட்டி ஆட்டின் நுரையீரலிலும் ஈரலிலும் வளரும். அந்தக் கழிவைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழு முதிர்ந்து, அதன் முட்டை மலத்தோடு வெளியேறி, கீரையிலும் குழந்தையின் கையிலும் ஒட்டி மனிதருக்குள் போனால், கல்லீரலில் பல ஆண்டுகள் மௌனமாக வளரும் கட்டியாகிறது. இந்தியாவில் இது இன்றும் இருக்கிற நோய். ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் இது பெரும் துயரமாக இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹாரால்ட் கிராபே எழுதிய சிறு நூலை 1864ல் அந்நாட்டு வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆட்டுக் கழிவைப் பச்சையாக நாய்க்குப் போடாதே என்பதே அதன் சாரம். படிக்கத் தெரிந்த மக்கள் படித்தார்கள், நிறுத்தினார்கள், நோய் ஒழிந்தது. நியூசிலாந்து சட்டமும் மருந்தும் கொண்டு பல பத்தாண்டுகள் போராடி 2002ல் ஏறக்குறைய விடுபட்டதாக அறிவித்தது. எலும்பைவிட, எலும்போடு சேர்த்து வீசப்படும் ஈரலும் நுரையீரலும்தான் இதில் குற்றவாளி. நாய்க்கு ஈரல் கொடுக்க ஆசைப்படுபவர்கள் நன்றாக வேகவைத்துக் கொடுக்கட்டும். அதில் தவறேதும் இல்லை.

இத்தனையும் பார்த்தபின் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வெந்த எலும்பு எந்த நாய்க்கும் எப்போதும் வேண்டாம். கோழி, ஆடு, மீன் முள், ஆட்டுக்கால், தலைக்கறி என்று எதற்கும் விலக்கு இல்லை. பச்சை எலும்பு, கவனமுள்ள ஒருவர் கைப்பட, அவ்வப்போது கொடுத்தால் பெரும்பாலும் தீங்கு செய்யாது. ஆனால் அவசியமும் இல்லை. கைக்குழந்தையோ முதியவரோ நோயாளியோ உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம் என்பேன்.

கொடுத்தே தீருவேன் என்பவர் கடையில் நின்று, “இதை வெட்டாம முழுசா குடுங்கண்ணே” என்று கேட்டு வாங்க வேண்டும். முதல் பாதுகாப்பு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கழுத்து எலும்பும் நெஞ்செலும்பும் மென்மையானவை. எடை தாங்கும் தொடை எலும்பும் கால் நல்லியும் பல்லை உடைக்கும். நகத்தால் அழுத்தினால் சற்றாவது பதிய வேண்டும் என்று பல் மருத்துவர்கள் எந்தக் கடிபொருளுக்கும் ஒரு அளவு சொல்வார்கள். அளவு நாயின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். முழுதாக உள்ளே போகவே கூடாது. வயிறு நிறைந்தபின் கொடுத்தால் அவசரமாக விழுங்காது. கால் மணி நேரம், கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கழுத்து எலும்பு சிறிதாகித் தேய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். பிடுங்கக் கூடாது, ஒரு துண்டு வேகவைத்த கறியையோ முட்டையையோ காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். மிச்சத்தை நம் வெயிலில் மறுவேளைக்கு வைக்கக் கூடாது. தரையையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுவதோடு வேலை முடியும். ஒரே நேரத்தில் இரண்டு நாய்களுக்கு ஒரே இடத்தில் கொடுப்பது சண்டைக்கு வழி. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுவை மட்டும் போதும் என்றால் சூப்பு போதும். வெங்காயமும் உப்பும் மசாலாவும் சேர்க்காமல் எலும்பைக் குக்கரில் நெடுநேரம் வேகவைத்து வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டுச் சோற்றில் ஊற்றினால் நாய் இலையையே நக்கிவிடும். கடிப்பதற்கு வேறு வழிகள் உண்டு. தடித்த ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதத்தை அடைத்து உறையவைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டும். பெரிய கேரட், குளிர்ந்த பூசணித் துண்டு, ஈரமாக்கி முறுக்கி உறையவைத்த துணி ஆகியவை பல் முளைக்கும் குட்டிக்கு இதம். கடையில் விற்கும் தோல் கடிபொருள் நம் அண்டை ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பதனிடப்படும் அதே வகைத் தோலின் உள்ளடுக்கில் செய்யப்படுவது. ஊறிப் பெருத்து, கடைசித் துண்டு தொண்டையில் அடைக்கும். நெருக்கமான கண்காணிப்பில்லாமல் கொடுக்கக் கூடாது. மான்கொம்பும் மாட்டுக்குளம்பும் பல்லை உடைக்கும் அளவுக்குக் கெட்டி. கோடையில் மாங்கொட்டையையும், மழைக்காலத்தில் மக்காச்சோளக் கட்டையையும் நாய்க்குப் போடுவது மிகத் தவறு. குடல் அடைத்து அறுவை சிகிச்சைக்கு வரும் நாய்களின் வயிற்றில் இந்த இரண்டும் கிடைக்கின்றன.

மீறி நேர்ந்துவிட்டால்? எச்சில் கயிறாக வடிவது, கழுத்தை நீட்டி நீட்டி விழுங்க முயல்வது, தின்ற உடனே அப்படியே கக்குவது, வயிற்றைத் தொட விடாதது, கறுத்த மலம் ஆகியவை உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். மீன் முள் சிக்கினால் நமக்குச் செய்வதுபோல் வாழைப்பழமும் சாத உருண்டையும் திணிப்பது இங்கே எல்லோரும் செய்வது. சிக்கிய எலும்பை அது இன்னும் ஆழமாக அழுத்தும். மூச்சுக்குழாயில் சோறு போகவும் வாய்ப்பு. வாந்தி எடுக்கவைப்பதும் கூடாது. வந்த வழியே திரும்பும்போது கூர்முனை மறுபடி கிழிக்கும். கண்ணுக்குத் தெரிந்து, கைக்கு எட்டி, நாய் அனுமதித்தால் ஒழிய விரலை விடாதீர்கள். வலியில் உள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத் தெரியும் என்பது ஒரு நற்செய்தி. உள்நோக்கிக் கருவியால் அறுக்காமலே எடுக்க முடியும் என்பது இன்னொன்று. ஆனால் அந்தக் கருவியும் கைதேர்ந்தவர்களும் ஒருசேரக் கிடைப்பது பெரும்பாலும் பெரிய கால்நடைக் கல்லூரிகளில்தான். 1903ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். புதுச்சேரிக் கல்லூரிக்கும் நூறு கிலோமீட்டர் போக வேண்டும். உணவுக்குழலில் சிக்கிய எலும்புக்கு மணிநேரமே கணக்கு. மாவட்டத் தலைநகரில் வாழ்பவர்கள் எலும்பு விஷயத்தில் சென்னைக்காரரைவிடக் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டியதற்கு இந்தத் தூரமே போதுமான காரணம்.

இதுவரை சொன்னது வீட்டில் வளரும் நாய்க்கு. திருவண்ணாமலையின் நாய்களில் பெரும்பகுதி யாருடைய வீட்டிலும் இல்லை. லெஸ்லி ராபின்சன் என்ற அமெரிக்கர் தொடங்கிய அருணாச்சலா விலங்குகள் சரணாலயம் போன்ற அமைப்புகள் தெருநாய்களுக்குச் சிகிச்சையும் கருத்தடையும் செய்துவருகின்றன. அவர்கள் ஒரு பக்கம் காப்பாற்ற, இரவுக் கடைகளின் பின்புறம் கொட்டும் பை பையான எலும்பு மறுபக்கம் காயப்படுத்துகிறது. கிரிவலப் பாதையில் அசைவ உணவகம் இருக்கலாமா என்று 2023ல் ஆளுநர் பேசியதை ஒட்டிப் பெரிய விவாதம் நடந்தது. பக்தர்களின் மனம், வியாபாரிகளின் உரிமை எல்லாம் பேசினார்கள். அந்த உணவகங்களின் எலும்பு இரவில் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

எலும்பு கொட்டும் இடத்தில் நாய்கள் கூடுகின்றன, அதைக் காக்கச் சீறுகின்றன, இரவில் நடப்பவரைக் கடிக்கின்றன. தெருநாய்க்கு எலும்பு போடுவது நாய்க்கும் கெடுதல், தெருவுக்கும் கெடுதல். 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உணவிடுவதற்கு இடமும் நேரமும் வகுக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெருவில் கண்ட இடத்தில் உணவிடக் கூடாது, உள்ளாட்சி அமைப்புகள் தனி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, எல்லா மாநிலங்களையும் வழக்கில் சேர்த்தது. அப்படி ஒதுக்கும் இடத்தில் என்ன உணவு என்பதையும் எழுதிவைக்க வேண்டும்: உப்பில்லாத சோறு, வேகவைத்த எலும்பில்லாத கறி அல்லது முட்டை, பக்கத்தில் குடிக்கத் தண்ணீர். அஷ்டமிக்கு வேண்டிக்கொள்பவரும் கிரிவலம் வருபவரும் கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் அதைக் கொண்டுவரலாம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இன்னும் எளிது. இலைக்கு ஒரு தொட்டி, எலும்புக்கு ஒரு மூடியுள்ள வாளி. குப்பையைப் பிரித்துத் தரச் சொல்லும் விதி 2016 முதலே இருக்கிறது; 2024ல் மாநகராட்சியாக உயர்ந்த ஊருக்கு அதை நடத்திக்காட்டும் பொறுப்பும் கூடியிருக்கிறது. எலும்பு வீணாகும் பொருளே அல்ல. நெருப்பிலோ நீராவியிலோ கிருமி நீக்கி அரைத்தால் மணிச்சத்து மிகுந்த எலும்பு உரம். மணிலாவும் நெல்லும் பூவும் விளையும் மாவட்டத்தில் அதை வாங்க ஆள் தேட வேண்டியதில்லை. பிரியாணிக் கடைகள் நெருக்கமாக உள்ள நான்கைந்து தெருக்களில் இரவு பதினொரு மணிக்கு ஒரு வண்டி அந்த வாளிகளை எடுத்துப்போக மாநகராட்சி ஏற்பாடு செய்தால், கோயில் வாசல் நாய்களின் தொண்டையில் போகும் எலும்பில் பெரும்பகுதி அன்றோடு நின்றுவிடும்.